ஜே லீக் 1998: கோப்பை கையில் இருந்தது, கிளப் இல்லை

ஜப்பானின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான ஜே லீக்கில் மறக்க முடியாத சீசன் எது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று 1993. லீக் பிறந்த வருடம். பிரேசிலின் ஜிகோவும் இங்கிலாந்தின் கேரி லினேகரும் ஜப்பானுக்கு வந்து ஆடிய வருடம். இன்னொன்று 2005. கடைசி நாள் காலையில் ஐந்து அணிகளுக்குப் பட்டம் வெல்ல வாய்ப்பு இருந்தது. மாலையில் பார்த்தால் காம்பா ஒசாகாவுக்கு 60 புள்ளி, அடுத்த நான்கு அணிகளுக்கும் தலா 59! சினிமாவில் வைத்தால்கூட "ரொம்ப ஓவர்" என்று சொல்லியிருப்போம்.

என் ஓட்டு இந்த இரண்டுக்கும் இல்லை. 1998-க்குத்தான்.

அது சந்தோஷமான சீசன் என்பதால் அல்ல. ஒரு கால்பந்து கிளப் யாருடைய சொத்து என்ற கேள்வியை இவ்வளவு நேராக எழுப்பிய சீசன் வேறு இல்லை என்பதால். பி.காம் படிக்கிற ஆள் கால்பந்து பார்த்தால் இப்படித்தான், ஸ்கோரை விட்டுவிட்டு பேலன்ஸ் ஷீட்டைப் பார்ப்பான் என்று திட்டுவதானால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள் :)

முதலில் மைதானத்துக்குள்ளே...

1998-இல் லீக்கில் 18 கிளப்புகள். சீசன் இரண்டு பாதியாக நடக்கும். முதல் பாதியில் முதலிடம் பிடித்த அணியும் இரண்டாம் பாதியில் முதலிடம் பிடித்த அணியும் இறுதியில் மோதும். முதல் பாதியை ஜூபிலோ இவாதா எடுத்துக்கொண்டது, இரண்டாம் பாதியை காஷிமா ஆன்ட்லர்ஸ். இறுதி மோதலின் இரண்டு ஆட்டங்களிலும் ஜெயித்து காஷிமா சாம்பியன் ஆனது.

ஆனால் அந்த வருடம் யார் நன்றாக ஆடினார்கள் என்று கேட்டால் இவாதாவைத்தான் சொல்ல வேண்டும். 34 ஆட்டங்களில் 107 கோல். அதில் 36 கோல் மசாஷி நகாயாமா என்ற ஒரே ஆள் அடித்தது. ஏப்ரல் மாதத்தில் மனிதர் அடுத்தடுத்த நான்கு ஆட்டங்களில் அடித்த கணக்கைப் பாருங்கள்: 5, 4, 4, 3. நான்கு ஹாட்ரிக் வரிசையாக! அதே வருடம் ஜூன் மாதம் பிரான்சில் ஜப்பான் தன் முதல் உலகக் கோப்பையில் ஆடியது. மூன்று ஆட்டத்திலும் தோல்விதான். ஆனால் ஜமைக்காவுக்கு எதிராக ஜப்பானின் முதல் உலகக் கோப்பை கோலை அடித்தவரும் இதே நகாயாமாதான்.

ஆக, வெளியிலிருந்து பார்த்தால் ஜப்பான் கால்பந்துக்கு அருமையான வருடம். உலகக் கோப்பைக்குப் போயாகிவிட்டது. 2002 உலகக் கோப்பையைத் தென்கொரியாவோடு சேர்ந்து நடத்தும் உரிமையும் கையில் இருக்கிறது. யோகோஹாமாவில் 70,000 பேர் உட்காரக்கூடிய புது மைதானம் திறந்தாகிவிட்டது. 2002 இறுதி ஆட்டம் நடந்தது அங்கேதான்.

அந்த மைதானம் திறந்த அதே ஊரில், அதே வருடத்தில், ஒரு கிளப் செத்துப்போனது.

அக்டோபர் 29

யோகோஹாமாவில் அப்போது இரண்டு முதல்நிலை கிளப்புகள். ஒன்று நிஸான் கார் கம்பெனியின் பின்பலத்தில் இருந்த மரினோஸ். இன்னொன்று ஃப்ளூகல்ஸ். அந்தப் பெயர் 'சிறகு' என்ற பொருள் கொண்ட ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. விமானக் கம்பெனியின் அணிக்குப் பொருத்தமான பெயர்தான். ஆல் நிப்பான் ஏர்வேஸ்தான் அதன் புரவலர். கூடவே சாத்தோ கோக்யோ என்ற கட்டுமான நிறுவனமும் கூட்டாளி.

ஃப்ளூகல்ஸ் ஒன்றும் ஒப்புக்கு ஆடிய அணி அல்ல. 1993-இல் லீக்கைத் தொடங்கிய பத்து கிளப்புகளில் ஒன்று. 1994 புத்தாண்டு நாளில் பேரரசர் கோப்பையை வென்றது. 1995-இல் பிரேசிலின் பல்மெய்ராஸிலிருந்து சம்பாயோ, ஜின்யோ, எவாயிர் என்று மூன்று பெரிய நட்சத்திரங்களைக் கொண்டுவந்தது. 1998 உலகக் கோப்பைக்குப் போன ஜப்பான் அணியில் மோதோஹிரோ யமாகுச்சி, கோல்கீப்பர் செய்கோ நராசாகி என்று இந்தக் கிளப்பின் ஆட்கள் இருந்தார்கள். அந்த வருடம் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு யசுஹிதோ எண்டோ என்று ஒரு பையன் புதிதாகச் சேர்ந்திருந்தான்.

1998 அக்டோபர் 29. ஃப்ளூகல்ஸ் கிளப் மரினோஸுடன் இணைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. சீசன் இன்னும் முடியவில்லை. ரசிகர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆட்டக்காரர்களிடமும் கேட்கவில்லை. எல்லாம் முடிவான பிறகு வந்த அறிவிப்பு அது. லீக்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டது.

காரணம் பணம். கட்டுமான நிறுவனத்தின் நிலைமை மோசம், இனி முடியாது என்று கையை விரித்துவிட்டது. தனியாகச் சுமக்க விமானக் கம்பெனியும் தயாராக இல்லை.

ஏன் அந்த வருடம்?

இதைப் புரிந்துகொள்ள ஜப்பானின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். (தூங்கிவிடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்!)

1980-களின் கடைசியில் நிலத்தின் விலையும் பங்குகளின் விலையும் ஊதிப் பெருத்து, 1990-களின் தொடக்கத்தில் வெடித்தன. நிலத்தை அடமானமாக வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளும், அந்தக் கடனில் கட்டடம் கட்டிய நிறுவனங்களும் மாட்டிக்கொண்டன. 1997 நவம்பரில் யமாய்ச்சி செக்யூரிட்டீஸ் என்ற பெரிய பங்குத் தரகு நிறுவனமும் ஹொக்கைடோ தகுஷோகு வங்கியும் ஒரே மாதத்தில் விழுந்தன. 1998 அக்டோபர் 23-ஆம் தேதி நீண்டகாலக் கடன் வங்கியை அரசே எடுத்துக்கொண்டது. ஃப்ளூகல்ஸ் அறிவிப்பு வந்தது அதற்குச் சரியாக ஆறு நாள் கழித்து. அந்த சாத்தோ கோக்யோவும் 2002-இல் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டுப் போய் நின்றது.

லீக்குக்கும் நல்ல நேரம் இல்லை. 1994-இல் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 19,598 பேர் வந்தார்கள். 1997-இல் அது 10,131. மூன்றே வருடத்தில் ஏறக்குறைய பாதி! ஆனால் கூட்டம் இருந்த காலத்தில் ஒப்புக்கொண்ட சம்பளங்கள் அவ்வளவு வேகமாகக் குறையுமா?

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் வருகிறது. இந்த நஷ்டத்தை எல்லாம் யார் கட்டிக்கொண்டிருந்தார்கள்? தாய்க் கம்பெனி. எந்தத் தலைப்பில்? விளம்பரச் செலவு.

இது ஜப்பானில் பழைய பழக்கம். தொழில்முறை பேஸ்பால் அணியின் நஷ்டத்தைத் தாய்க் கம்பெனி ஈடுகட்டினால் அதை விளம்பரச் செலவாகக் கணக்கில் காட்டலாம் என்று ஜப்பானின் வரித்துறை 1954-இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதனால்தான் அங்கே பேஸ்பால் அணிகளின் பெயரிலேயே கம்பெனி பெயர் இருக்கும். ஆனால் ஜே லீக்கின் முதல் தலைவர் சபுரோ கவாபுச்சி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கிளப்பின் பெயரில் ஊர்தான் இருக்க வேண்டும், கம்பெனி பெயர் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். யோமியுரி பத்திரிகைக் குழுமத்தோடு இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. கவாபுச்சி விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

ஆனால் பெயரை மாற்றினால் போதுமா? சட்டையில் ஊர் பெயர், செக்கில் கம்பெனி கையெழுத்து. யோகோஹாமா என்று சொல்லிக் கைதட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். முடிவெடுத்தது போர்டு ரூமில் உட்கார்ந்திருந்த சிலர். விளம்பரச் செலவு என்பது என்ன? நிலைமை சரியில்லை என்றால் எந்தக் கம்பெனியும் முதலில் வெட்டும் செலவு. அந்த வரிசையில் ஒரு ஊரின் கிளப்பை எழுதிவைத்தால் அதன் கதி அக்டோபர் 29 மாதிரி ஒரு நாளில்தான் முடியும்.

இணைப்பா? விழுங்கலா?

எங்கள் பாடத்தில் கம்பெனிகள் சேர்வதில் இரண்டு வகை சொல்வார்கள். இரண்டு கம்பெனிகளும் கலைந்து புதிதாக ஒன்று பிறப்பது ஒரு வகை. ஒன்று அப்படியே நிற்க, மற்றது அதற்குள் போய் மறைவது இன்னொரு வகை. அறிவிப்பில் 'இணைப்பு' என்றுதான் இருந்தது. நடந்தது இரண்டாவது வகை. மரினோஸ் நின்றது. 1999-இலிருந்து அதன் பெயர் யோகோஹாமா எஃப் மரினோஸ். அந்த 'எஃப்' தான் ஃப்ளூகல்ஸ். ஒரு முழு கிளப்பும் ஒரு எழுத்தாகச் சுருங்கிவிட்டது.

கணக்கில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விலை உண்டு. ஒரு கடையை வாங்கினால் அதன் வாடிக்கையாளர்களும் வருவார்கள் என்ற நம்பிக்கையில் கொடுக்கும் கூடுதல் காசு. சோப்புக் கம்பெனிக்கு இது சரி. நேற்று வரை அந்த சோப்பு, இன்றிலிருந்து இந்த சோப்பு, குளித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் ஒரே ஊரில் எதிரெதிர் முனையில் நின்று கத்தியவர்களை "இனிமேல் நீங்கள் அவர்கள் ரசிகர்கள்" என்று மாற்ற முடியுமா? கிளப்பின் மிகப் பெரிய சொத்து அதன் ரசிகர்கள். அந்தச் சொத்தை மட்டும் எந்த ஒப்பந்தத்தாலும் கைமாற்ற முடியாது. இதைக் கணக்குப் பார்த்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒன்பது ஆட்டங்கள்

அறிவிப்பு வந்த இரண்டாவது நாள், அக்டோபர் 31. செரெசோ ஒசாகாவுடன் ஆட்டம். ஃப்ளூகல்ஸ் 7-0 என்று ஜெயித்தது. லீக்கில் மீதி இருந்த நான்கு ஆட்டங்களிலும் வெற்றி. பயிற்சியாளர் கெர்ட் எங்கல்ஸ் என்ற ஜெர்மானியர், சீசன் நடுவில் பொறுப்புக்கு வந்தவர். ரசிகர்கள் கையெழுத்து வேட்டை நடத்திக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது. வேறு வழி இல்லை என்பது உறுதியானது.

மிச்சம் இருந்தது பேரரசர் கோப்பை மட்டும். தோற்றால் வெளியேற வேண்டிய போட்டி. ஃப்ளூகல்ஸுக்கு அது வெளியேற்றம் மட்டும் இல்லை, தோற்கிற அன்றே கிளப்பின் கடைசி நாள். ஜெயித்தால் இன்னும் சில நாள் உயிர். யோசித்துப் பாருங்கள், எந்த அணியாவது இப்படி ஆடியிருக்குமா?

காலிறுதியில் ஜூபிலோ இவாதா. ஆமாம், 107 கோல் அடித்த அதே இவாதா. 2-1 என்று ஜெயித்தார்கள். அரையிறுதியில் லீக் சாம்பியன் காஷிமா. 1-0. ஆக அந்த சீசனின் இரண்டு பெரிய அணிகளையும் சாகப்போகிற கிளப் வெளியே அனுப்பிவிட்டது.

1999 ஜனவரி 1. டோக்கியோ தேசிய மைதானத்தில் 50,000 பேருக்கு மேல். எதிரே ஷிமிஸு எஸ்-பல்ஸ். முதல் கோல் ஷிமிஸுவுக்கு. இடைவேளைக்குச் சற்று முன் குபோயாமா சமன் செய்தார். இரண்டாம் பாதியில் தகாயுகி யோஷிதா வெற்றி கோலை அடித்தார். 2-1. அறிவிப்புக்குப் பிறகு ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. கோப்பையைத் தூக்கினார்கள். அதோடு ஃப்ளூகல்ஸ் என்ற கிளப் இல்லாமல் போனது.

ஷிமிஸு கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது முழுமையாகும். லீக் தொடங்கிய பத்து கிளப்புகளில், கம்பெனி அணியாக இல்லாமல் ஊர்க்காரர்களின் ஆதரவில் உருவான கிளப் அதுதான். அதை நடத்திய நிறுவனமும் 1997-இல் கடனில் மூழ்கியது. ஊரே கூடிப் பிடித்துக்கொண்டது. பிறகு அதே ஊரைச் சேர்ந்த சுஸுயோ என்ற நிறுவனம் பொறுப்பை ஏற்றது. ஆக அன்று மைதானத்தில் நின்ற இரண்டு கிளப்புகளுமே திவால் வாசலைப் பார்த்தவைதான். ஒன்று ஊரோடு வேர் விட்டிருந்ததால் பிழைத்தது. இன்னொன்று ஜெயித்தும் பிழைக்கவில்லை. லீக் தலைவர் சொந்த ஊர், சொந்த ஊர் என்று திரும்பத் திரும்பச் சொன்னது வெறும் சென்டிமென்ட் இல்லை, அது ஒரு வகை இன்ஷூரன்ஸ் என்பது இதில் எனக்குப் புரிகிற பாடம்.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கிறதே?

இருக்கிறது. மறுக்கவில்லை. நஷ்டத்தில் இருக்கும் நிறுவனத்தின் இயக்குநர்கள் முதலில் தங்கள் பங்குதாரர்களுக்கும் ஊழியர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஊழியர் வேலை போகும் நேரத்தில் கால்பந்துக்குக் கோடிகளைக் கொட்டு என்று யாரும் சொல்ல முடியாது. நிஸானே அப்போது கடனில் தத்தளித்து, 1999 மார்ச்சில் பிரான்சின் ரெனோவின் கையைப் பிடித்துத்தான் கரையேறியது.

அதனால் விலகியது தவறு என்று நான் சொல்லவில்லை. விலகிய முறைதான் தவறு. "எங்களால் முடியவில்லை, யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா, ஊர் ஏதாவது செய்யுமா" என்று ஒரு வருடம் முன்னால் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். ஷிமிஸுவுக்குக் கிடைத்த அவகாசம் இவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. கணக்கு உள்ளே பூட்டியிருந்தது. திறந்து காட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு

ஃப்ளூகல்ஸ் ரசிகர்கள் மரினோஸுக்குப் போக மறுத்து, தாங்களே ஒரு கிளப்பை ஆரம்பித்தார்கள். யோகோஹாமா எஃப்சி. பார்சிலோனா மாதிரி உறுப்பினர்கள் பணம் கட்டிச் சேரும் திட்டம். முதல் பயிற்சியாளர் 1990 உலகக் கோப்பை வென்ற ஜெர்மனியின் பியர் லிட்பார்ஸ்கி. ஜே லீக்குக்குக் கீழே இருந்த ஜப்பான் கால்பந்து லீக்கில் 1999, 2000 இரண்டு வருடமும் முதலிடம். 2001-இல் இரண்டாம் நிலைக்கு ஏறி, 2007-இல் முதல் நிலைக்கே வந்துவிட்டார்கள்.

2007 மார்ச் 10, மித்ஸுஸவா மைதானம். முன்பு மரினோஸும் ஃப்ளூகல்ஸும் ஆடிய அதே மைதானம். யோகோஹாமா எஃப்சி 1, எஃப் மரினோஸ் 0. அந்த சீசனில் மொத்தமே நான்கு வெற்றிதான், கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கினார்கள். ஆனாலும் இறுதி நாளில் பட்டத்துக்கு ஓடிய உராவா ரெட்ஸை 1-0 என்று தோற்கடித்து காஷிமாவைச் சாம்பியனாக்கிவிட்டுத்தான் போனார்கள்!

இதைத் தேவதைக் கதையாக்க நான் விரும்பவில்லை. ரசிகர்கள் சந்தா மட்டும் வைத்துத் தொழில்முறை கிளப்பை ஓட்ட முடியவில்லை. பெரிய பங்குதாரராக ஒரு கம்பெனி அங்கேயும் வந்தது. எங்கும் பணம் தேவை, பணம் வைத்திருப்பவர்களும் தேவை. கம்பெனியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஒரே கம்பெனியின் ஒரே செலவுக் கணக்கில் ஒரு ஊரின் கிளப் தொங்கக் கூடாது என்பதுதான். நஷ்டம் வருகிறது என்றால் அது ஊருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

லீக் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தது என்று சொல்லலாம். 2005 நிதியாண்டிலிருந்து ஒவ்வொரு கிளப்பின் வரவு செலவும் வெளியிடப்படுகிறது. 2013 சீசனிலிருந்து உரிம முறை வந்தது. மூன்று வருடம் தொடர்ந்து நஷ்டம் காட்டினாலோ, சொத்தைவிடக் கடன் அதிகமானாலோ உரிமம் கிடையாது என்பது அதன் அடிப்படை விதி. இந்த விதிகளால் கிளப்புகள் பெரிய கனவு காணாமல் சிக்கனமாகிவிட்டன என்று குறை சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டுமே. சிக்கனமான கிளப்புக்கு அடுத்த வருடமும் ஆட்டம் உண்டு.

அந்தப் பையன் எண்டோ என்ன ஆனார் தெரியுமா? ஜப்பானுக்காக 152 ஆட்டங்கள் ஆடினார். 2024 தொடக்கத்தில்தான் ஓய்வை அறிவித்தார். கடைசி கோல் அடித்த யோஷிதா, பயிற்சியாளராக 2023, 2024 இரண்டு வருடமும் விஸ்ஸல் கோபேயை ஜே லீக் சாம்பியன் ஆக்கினார். நஷ்டம் என்று எழுதி மூடிய கணக்கில் இவர்களும் இருந்தார்கள்.

1998 சாம்பியன் யார் என்று வினாடி வினாவில் கேட்டால் காஷிமா என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த சீசனைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், புத்தாண்டு அன்று கோப்பையை வாங்கிக்கொண்டு வைக்க அலமாரி இல்லாமல் நின்ற அந்த அணியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.